அறுபட்ட நரம்பும் அறாத உறுதியும்

நுழையும்முன்

எலும்பு முறிந்தால் கூடுகிறது. தோல் கிழிந்தால் மூடுகிறது. ஆனால், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகள் அறுந்தால் மீண்டும் பொருந்துவதில்லை. அதற்குக் காரணம் என்ன? அவ்வாறு அறுபட்ட பின் ஒருவருடைய வாழ்க்கை என்ன ஆகும்? முதல் வினாவிற்கு அறிவியலறிஞர்கள் நுண்ணோக்கியின் வழியே விடை தேடினர். இரண்டாம் வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர், வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ்.

கொச்சியிலிருந்து வேலூருக்கு

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கொச்சியில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். மருத்துவம் பயிலும் விருப்பத்தோடு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிறு மருத்துவமனையே அக்கல்லூரியின் வித்து. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்த அந்நிறுவனம், மேரி சேர்ந்த காலத்தில் பட்டப்படிப்பு தரும் கல்லூரியாக உயர்ந்திருந்தது.

படிப்பை முடித்த மேரி, அங்கேயே மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவப் பிரிவில் பயிற்சி பெற்றார். பெண்கள் ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்லவும் தயங்கிய காலம் அது. பேறுகாலத்தில் உயிரிழந்த தாய்மார் பலர். அவர்களுக்குத் துணைநிற்பதே தம் வாழ்நாள் பணி என அந்த இளம் மருத்துவர் முடிவு செய்திருந்தார்.

அதே வளாகத்தில் வேறு இரண்டு பணிகளும் அக்காலத்தில் வேர்கொண்டன. கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவை அங்குத் தொடங்கினார். கொல்லிமலையில் பிறந்து, இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீராக்கும் வழியை ஆராய்ந்துகொண்டிருந்தார். இவ்விரு பணிகளும் தம் வாழ்வோடு பின்னிப் பிணையப்போவதை மேரி அப்போது அறிந்திருக்கவில்லை.

ஒரு நொடியில் மாறிய வாழ்க்கை

1954ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள். விடுமுறையைக் கழிப்பதற்காக இளம் மருத்துவர்கள் சிலர் ஒரே வாகனத்தில் வெளியூர் புறப்பட்டனர். மேரியும் அவர்களுள் ஒருவர். வழியில் வாகனம் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயங்களோடு உணர்விழந்த நிலையில் மேரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். முகக் காயத்தைவிடப் பெரிய காயம் வெளியே தெரியாமல் இருந்தது. முதுகெலும்பு சிதைந்து, அதனுள் இருந்த தண்டுவடம் நசுங்கியிருந்தது. அப்போது அவருக்கு வயது 28.

கண்விழித்தபோது இடுப்புக்குக் கீழ் எதையும் அவரால் உணர இயலவில்லை. கால்களை அசைக்கவும் முடியவில்லை. நோயாளியாகக் கட்டிலில் கிடந்தவர் மருத்துவரும் ஆவார். ஆகவே, பிறர் மென்மையாக மறைக்க முயன்ற உண்மை அவரிடம் நெடுநாள் மறைந்திருக்கவில்லை. அறுவை மருத்துவராக வேண்டும் என்னும் கனவு குலைந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது.

தண்டுவடக் காயம் என்பது அக்காலத்தில் ஏறக்குறைய சாவுக்கு முன்னறிவிப்பாகவே கருதப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடியொன்று, இக்காயத்தை மருத்துவம் செய்ய இயலாத ஒன்றெனக் குறித்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. காயம்பட்டவர்களைப் படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும் மெல்ல மெல்லக் கொன்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்பவர் தொடங்கிய சிகிச்சை முறைதான், இவர்களும் நெடுங்காலம் வாழலாம் என்பதை உலகிற்குக் காட்டியது. அச்செய்தி இந்தியாவில் செயலாக மாற வேண்டிய தருணத்தில்தான் மேரி காயமுற்றார்.

நரம்புச் செல்லும் காயமும்

மேரியின் உடலுக்குள் நிகழ்ந்தது என்ன என்பதை அறிய, நரம்புச் செல்லின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நரம்புச் செல்லின் உடலிலிருந்து ஆக்ஸான் என்னும் நீண்ட இழை புறப்படுகிறது. முதுகுப் பகுதியிலுள்ள ஒரு செல்லின் ஆக்ஸான், கால் விரல் வரை நீளக்கூடும். அவ்விழையைச் சுற்றி மின்கம்பியின் மேலுறைபோல மயலின் உறை அமைந்துள்ளது. மூளை இடும் கட்டளை தண்டுவடத்தின் வழியே இறங்குகிறது. தோல் அறியும் உணர்வு அதே தண்டுவடத்தின் வழியே ஏறுகிறது. சுண்டுவிரல் பருமனே உள்ள அத்தண்டுவடத்தில் ஓரிடம் நசுங்கினால், அவ்விடத்திற்குக் கீழே உள்ள உடல் மூளையோடு தொடர்பிழக்கிறது. கைகளுக்குச் செல்லும் நரம்புகள் கழுத்துப் பகுதியிலேயே பிரிந்துவிடுகின்றன. மேரியின் காயம் அதற்குக் கீழே அமைந்ததால் அவருடைய கைகள் தப்பின.

ஆக்ஸான் அறுந்தால், செல்லுடலிலிருந்து பிரிந்த பகுதி சில நாள்களில் சிதைந்து அழிகிறது. தவளையின் நாவிற்குச் செல்லும் நரம்பை வெட்டி ஆராய்ந்து, 1850ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் விளக்கியவர் இங்கிலாந்து நாட்டின் அகஸ்டஸ் வாலர். இவ்வழிவு கை, கால்களில் உள்ள புற நரம்புகளிலும் நிகழ்கிறது. மைய நரம்பு மண்டலத்திலும் நிகழ்கிறது. வேறுபாடு இதன் பின்னரே தொடங்குகிறது.

புற நரம்பில் மயலின் உறையை உருவாக்குபவை ஸ்வான் செல்கள். நரம்பு அறுந்தவுடன் இவை தம் பழைய பணியைக் கைவிட்டுப் புதிய பணியை மேற்கொள்கின்றன. சிதைந்த உறையை அகற்றுகின்றன. உண்ணும் செல்களை உதவிக்கு அழைக்கின்றன. பின்னர் வரிசையாக நின்று, வளரும் இழைக்குப் பாதை அமைத்துத் தருகின்றன. செல்லுடலிலிருந்து புறப்படும் புதிய இழை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்னும் அளவில் அப்பாதையில் வளர்கிறது. முழங்கையில் அறுந்த நரம்பு விரல்நுனியை அடைய ஓராண்டுக்கும் மேலாகலாம். ஆயினும், அது சென்றடையும் வாய்ப்பு உண்டு.

மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வுதவி கிடைப்பதில்லை. அங்கே மயலின் உறையை உருவாக்குபவை வேறு வகைச் செல்கள். அவ்வுறையின் சிதைவுகள் நெடுங்காலம் அகற்றப்படாமல் தங்குவதோடு, அவற்றிலுள்ள புரதங்கள் இழைகளின் வளர்ச்சியைத் தடுக்கவும் செய்கின்றன. காயம்பட்ட சில மணி நேரத்தில் மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள் விழித்தெழுகின்றன. வீக்கத்தாலும் குருதியோட்டக் குறைவாலும் முதலில் தப்பிய செல்களும் அடுத்த சில நாள்களில் மடிகின்றன. பின்னர் விண்மீன் வடிவுடைய ஆஸ்ட்ரோசைட்டுகள் பெருகிக் காயத்தைச் சுற்றி வடுவாக இறுகுகின்றன. அவ்வடு, அழிவு மேலும் பரவாமல் தடுக்கும் வேலி. அதுவே புதிய இழைகள் கடக்க இயலாத சுவரும் ஆகிறது.

காயத்திற்குக் கீழே உள்ள தண்டுவடம் இறந்துவிடுவதில்லை என்பதும் அறியத்தக்கது. முதலில் அது அதிர்ச்சியில் ஓய்ந்து கிடக்கிறது. சில வாரங்களுக்குப் பின், மூளையின் கட்டுப்பாடு இன்றித் தானே செயல்படத் தொடங்குகிறது. அப்போது கால்கள் தாமாகத் துடிக்கும், விறைக்கும். நோயாளியும் உறவினரும் அதனை நலம் திரும்புவதற்கான அடையாளம் என எண்ணி மகிழ்வர். உண்மை தெரியும்போது ஏமாற்றம் இருமடங்காகும். எனவே, தண்டுவடக் காயமுற்றோருக்கு மருந்தைப் போலவே உண்மையை எடுத்துரைப்பவரும் தேவைப்படுகிறார்.

தெரிந்து தெளிவோம்

ஸ்பெயின் நாட்டின் சான்டியாகோ ரமோன் இ கஹால், நரம்பு மண்டலம் தனித்தனிச் செல்களால் ஆனது என்பதை நிலைநாட்டியவர். 1906ஆம் ஆண்டு இத்தாலியின் கமில்லோ கோல்கியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நரம்பின் சிதைவையும் மறுவளர்ச்சியையும் பற்றிய அவருடைய பெருநூல் 1913, 1914ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. மைய நரம்பு மண்டலத்திலும் அறுந்த இழைகள் துளிர்விட முயல்கின்றன. ஆனால், அம்முயற்சி விரைவில் நின்றுவிடுகிறது என்பதை அவர் கண்டறிந்தார். துளிர்க்கும் ஆற்றல் செல்லுக்கு இல்லாமல் இல்லை. சூழலே அதற்குத் துணைநிற்கவில்லை என்பதை 1981ஆம் ஆண்டு மான்ட்ரியல் நகர ஆய்வு ஒன்று உறுதிசெய்தது. ஆல்பர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிட்டும் எலிகளின் புற நரம்புத் துண்டைப் பாலமாகப் பொருத்தியபோது, மைய நரம்பிழைகள் அதன் வழியே நீண்டு வளர்ந்தன.

அமர்ந்தபடியே ஓர் அறுவை

மேரி பல மாதங்கள் படுக்கையில் கழித்தார். முதலில் அமர்வதையே மீண்டும் கற்க வேண்டியிருந்தது. இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவருக்குச் சமநிலை தானாக வருவதில்லை. உடலைத் தாங்கும் ஆற்றலைத் தோள்களும் கைகளும் கற்றுக்கொள்ள வேண்டும். இறைப்பற்றும் நண்பர்களின் துணையும் அவரைத் தாங்கின. ஆயினும், இனி என்ன செய்வது என்னும் வினா மட்டும் அவரை விடவில்லை. மகளிர் மருத்துவத்தில் அறுவை செய்ய நிற்க வேண்டும். இரவு பகலாக நடமாட வேண்டும். அக்கதவு மூடிவிட்டது.

மற்றொரு கதவைச் சுட்டிக்காட்டியவர் பால் பிராண்ட். தொழுநோயாளரின் கை விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பதே அக்காலத்தினரின் நம்பிக்கை. அது தவறு என்பதைப் பிராண்ட் கண்டறிந்திருந்தார். தொழுநோய்க் கிருமி புற நரம்புகளிலுள்ள ஸ்வான் செல்களுக்குள் புகுந்து வாழ்கிறது. மறுவளர்ச்சிக்கு உதவ வேண்டிய செல்களே நோயின் உறைவிடமாகிவிடுகின்றன. அதனால் நரம்பு அழிகிறது, தோல் உணர்விழக்கிறது. சுடுகலத்தைத் தொட்டாலும் முள் தைத்தாலும் வலி இல்லை. கவனிக்கப்படாத காயங்களே விரல்களைச் சிதைக்கின்றன. மற்றொருபுறம், நரம்பிழந்த சிறு தசைகள் செயலற்றுப்போவதால் விரல்கள் கழுகின் நகங்களைப்போல் மடங்கிக்கொள்கின்றன.

அழிந்த நரம்பைப் பிராண்டால் உயிர்ப்பிக்க இயலாது. அதனால் அவர் வேறு வழி வகுத்தார். முன்கையில் நலமாக உள்ள தசையொன்றின் நாணைப் பிரித்தெடுத்து, செயலற்ற விரலோடு இணைத்தார். பிறகு அத்தசைக்குப் புதிய வேலையைக் கற்றுத்தரும் பயிற்சி தொடங்கும். முன்பு ஒரு செயலுக்குப் பயன்பட்ட தசையை இப்போது வேறொரு செயலுக்கு ஏவ மூளை மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். நோயாளி மீண்டும் உணவைப் பிசைவார், எழுதுகோலைப் பிடிப்பார், வேலைக்குச் செல்வார்.

கையில் செய்யும் இவ்வறுவையை அமர்ந்தபடியே செய்யலாம். மேரி இதனைக் கற்கலாம் என்பதே பிராண்ட் கூறிய யோசனை. மேரிக்குத் தயக்கம் இருந்தது. எனினும், சக்கர நாற்காலியை அறுவை மேசையின் அருகே நகர்த்தி, நோயாளியின் கையைத் தமக்கு எட்டும் உயரத்தில் வைத்துப் பயிலத் தொடங்கினார். கால்களை இயக்க இயலாதவர், பிறருடைய கைகளை இயங்கச் செய்தார்.

அறுவை அரங்கில் நிகழ்ந்ததைவிட, நோயாளர் கூடத்தில் நிகழ்ந்தது பெரிது. தொழுநோயாளர் தம் குடும்பத்தாராலும் ஊராராலும் ஒதுக்கப்பட்டு, வாழ்வில் நம்பிக்கை இழந்து வந்தவர்கள். சக்கர நாற்காலியில், முகத்தில் வடுவோடு வந்து தம் கையைப் பற்றிப் பரிசோதிக்கும் மருத்துவரைக் கண்டபோது, ஆறுதல் சொற்கள் எவையும் தேவைப்படவில்லை. தம்மினும் பெரிய இழப்பைத் தாங்கியவர் பணியாற்றும்போது, தம்மாலும் இயலும் என்னும் எண்ணம் அவர்களுக்குப் பிறந்தது.

பெர்த் முதல் நியூயார்க் வரை

மேரி தம் உடலின் மறுவாழ்வுப் பயிற்சிக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது முதல் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்வது வரை அங்குக் கற்றார். அப்போது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அவருக்குக் கிடைத்த இப்பயிற்சி, இந்தியாவில் மரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்த ஒரு தொழிலாளிக்குக் கிடைக்குமா? அத்தகையோரைப் பேணும் தனித் துறையே அப்போது நாட்டில் வளர்ந்திருக்கவில்லை. உயிர்பிழைத்து வீடு திரும்பியவர்கள், கூடத்தின் மூலையில் கிடந்து படுக்கைப் புண்ணால் மடிந்தனர்.

தமக்காகக் கற்றதைப் பிறருக்காக முறையாகக் கற்க மேரி முடிவு செய்தார். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய புகழ்பெற்ற மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் சேர்ந்தார். உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களை மீண்டும் வாழ்க்கைக்கு அனுப்பிய பட்டறிவில் உருவானது ரஸ்கின் மருத்துவ முறை. மொழியும் தட்பவெப்பமும் வேறான பெருநகரில், சக்கர நாற்காலியிலிருந்தபடியே மேரி கல்வியை நிறைவு செய்தார். அங்கேயே வசதியாகத் தங்கிவிட அவருக்கு வழியிருந்தும், வேலூருக்கே திரும்பினார்.

பாகாயத்தில் எழுந்த நிலையம்

1963ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உடலியல் மற்றும் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு மேரி பொறுப்பேற்றார். அவருடைய முயற்சியால் 1966ஆம் ஆண்டு, வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்நோயாளர்களுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய முயற்சிகளுள் இதுவே முன்னோடி.

மறுவாழ்வு மருத்துவத்தின் அடிப்படை எளியது. ஆனால், பொறுமை வேண்டுவது. அறுந்த தண்டுவடத்தை மருத்துவர் இணைப்பதில்லை. எஞ்சியுள்ள நரம்பும் தசையும் எவை எனக் கணக்கிட்டு, அவற்றைக் கொண்டு வாழக் கற்பிக்கிறார். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் வராது. உணர்வில்லாத தோலை நாள்தோறும் கண்ணாடியில் பார்த்து ஆராய்ந்தால், சிறு சிவப்பும் பெரும்புண் ஆகாது. உரிய நேரத்தில் சிறுநீரை வெளியேற்றப் பழகினால் சிறுநீரகம் காக்கப்படும். கைகளை வலுப்படுத்தினால் நாற்காலியில் தாமே ஏறி இறங்கலாம். இவை யாவும் விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. கற்றுத்தர வேண்டிய பழக்கங்கள். இவற்றை அறியாமையே பலருடைய உயிரைக் குடித்தது.

காயமுற்ற நரம்பு மண்டலமும் இதற்கு ஒத்துழைக்கிறது. அறுந்த இழை மீளாவிட்டாலும், அழியாது எஞ்சிய நரம்புச் செல்கள் புதிய கிளைகளை விட்டுப் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்கின்றன. மீண்டும் மீண்டும் செய்யும் பயிற்சி அவ்விணைப்புகளை வலுப்படுத்துகிறது. மூளை இறுகிய பாறை அன்று. பயன்பாட்டிற்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் இயல்பினது என்பதைப் பிற்கால ஆய்வுகள் விளக்கியுள்ளன. பயிற்சிக் கூடத்தில் ஒருவர் நாள்தோறும் செய்யும் அசைவுகளுக்கு, செல்களின் அளவிலும் பொருள் உண்டு.

தம் நோயாளரிடம் மேரி பொய்யான நம்பிக்கையை விதைக்கவில்லை. மீண்டும் நடக்கலாம் என்று பொய்யுறுதி அளிக்காமல், நடக்க இயலாத நிலையிலும் செய்யக்கூடியவற்றைக் காட்டினார். அதனைச் சொல்லும் தகுதி அவரைவிட வேறு எவருக்கும் மிகுதியாக இருந்திருக்க முடியாது. அறிவுரை கூறியவரும் நாற்காலியில்தான் அமர்ந்திருந்தார்.

புகழும் நிறைவும்

அமெரிக்க எழுத்தாளர் டொரதி கிளார்க் வில்சன், மேரியின் வாழ்க்கையை நூலாக எழுதி 1963ஆம் ஆண்டு வெளியிட்டார். அதன்வழி உலகின் பல பகுதியினரும் அவரை அறிந்தனர். இந்திய அரசு 1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. துறைத் தலைமையிலிருந்து விலகிய பின்னரும் ஊனமுற்றோர் நலனிலேயே அவருடைய நாட்டம் இருந்தது. 1986ஆம் ஆண்டு மேரி வர்கீஸ் மறைந்தார். விபத்துக்குப் பின் அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகள். தண்டுவடம் முறிந்தவர் நெடுநாள் வாழார் என்று கருதிய காலத்தில் அவ்வாழ்நாளே ஒரு சான்றாக அமைந்தது.

பாகாயத்து நிலையம் அவருடைய பெயரைத் தாங்கி இன்றும் இயங்குகிறது. அறுந்த தண்டுவடத்தை மீண்டும் வளரச் செய்யும் ஆய்வுகள் உலகெங்கும் தொடர்கின்றன. வடுவின் சுவரைக் கடக்க இழைகளுக்கு வழி தேடுகின்றனர் அறிஞர்கள். அவ்வழி புலப்படும் நாள் வரும் வரை, கட்டடப் பணியில் சாரத்திலிருந்து விழுந்தவருக்கும், சாலை விபத்தில் முதுகொடிந்தவருக்கும், மேரி வர்கீஸ் அமைத்த பாதையே பாதை. இழந்தது எது என்பதை ஒளிக்காமல் ஏற்று, எஞ்சியது எது என்பதை எண்ணிப் பார்த்து, அதனைக் கொண்டு அன்றைய வேலையைத் தொடங்குவதே அப்பாதை.